பெயருக்குக் கீழே காலி இடம்

1

போன வருஷம் புது விசிட்டிங் கார்டுகள் அச்சாகி வந்த அன்று நான் ஆபீசுக்குக் கேக் வாங்கிக்கொண்டு போனேன். டென்மார்க்கில் யாருக்குச் சந்தோஷமோ அவர்தான் மற்றவர்களுக்குக் கேக் வாங்க வேண்டும். பிறந்தநாளுக்கும் இதே கதைதான். வந்த புதிதில் இது தெரியாமல், யாராவது எனக்கு வாங்கி வருவார்கள் என்று என் பிறந்தநாளன்று சாயங்காலம் வரை பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒருத்தி வந்து, “உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள். அதை விடுங்கள்.

கார்டில் வசந்தி குமரேசன் என்று என் பெயர் இருந்தது. அடியில் தொலைபேசி எண், மின்னஞ்சல். முன்பு ‘மேலாளர், மனித வளம்’ என்று இருந்த இடத்தில் வெள்ளையாக ஒன்றுமே இல்லை. அந்த வெள்ளையைக் கொண்டுவந்ததில் எனக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்குத்தான் கேக்.

எங்கள் கம்பெனி தண்ணீர் பம்ப் செய்கிறது. உலகச் சந்தை படுத்த நாளிலிருந்து ஆர்டர்கள் வருவதும் நிற்பதுமாக இருந்தன. ஒரு மாதம் வெல்டிங்கில் ஆள் போதாது. அடுத்த மாதம் வெல்டர்கள் கைகட்டி நிற்பார்கள், பேக்கிங்கில் ஆள் போதாது. போய் ஒரு கை கொடுங்கள் என்றால், “அது என் வேலை இல்லையே” என்பார்கள், மிகவும் மரியாதையாக. காலத்துக்கேற்ப மாறிக்கொள்ளும் கம்பெனி வேண்டும் என்றால் முதலில் இந்த வாக்கியத்தை ஒழிக்க வேண்டும், அதற்குப் பதவிப் பெயர்களையே ஒழிக்க வேண்டும் என்று திட்டம் எழுதியது நான். தலையாட்டியது ஹென்ரிக். அவர் என் மேலதிகாரி. இப்போது அப்படிச் சொல்லக்கூடாது. சக பணியாளர்.

எனக்கு இந்தத் திட்டத்தில் இவ்வளவு பிடிப்பு வந்ததற்குக் காரணம் கடலூர்தான். 2004இல் என் முதல் வேலை செம்மங்குப்பத்தில் ஒரு சாய ஆலையின் பெர்சனல் டிபார்ட்மெண்டில். ஹெச்.ஆர். என்ற பெயர் அப்போது அங்கே வந்து சேரவில்லை. உதவி மேலாளரின் நாற்காலிக்குக் கை உண்டு, முதுகில் டர்க்கி டவல் உண்டு. சீனியர் அசிஸ்டெண்ட் நாற்காலிக்குக் கை உண்டு, டவல் கிடையாது. என் நாற்காலிக்குக் கையும் கிடையாது. பெண்களின் கழிவறையில் ஒரு நாள் பல்பு போய்விட்டது. வயர்மேனாக இருந்தவர் அப்போதுதான் சூப்பர்வைசர் ஆகியிருந்தார், சூப்பர்வைசர் ஸ்டூலில் ஏறக்கூடாது. ஹெல்பர் ஏறலாம், ஆனால் பல்பைத் தொடக்கூடாது. ஸ்டூலோ ஸ்டோர்சுக்குச் சொந்தம். நாங்கள் டார்ச் லைட்டோடு போய்வந்துகொண்டிருந்தோம். பொறுக்க முடியாமல் ஒரு நாள் நானே கடையில் பல்பு வாங்கி மாட்டினேன். மறுநாள் மெமோ வந்தது, ‘தன் பணி வரம்பை மீறிச் செயல்பட்டமைக்கு’ என்று. கழிவறையில் வெளிச்சம் இருந்தது, அதனால் மெமோவை அங்கேயே படிக்க முடிந்தது.

2

கார்டு வந்த வாரத்தில் கோவிந்தசாமி மாமா போன் செய்தார். அம்மாவின் தம்பி. மஞ்சக்குப்பத்தில் அச்சகம் வைத்திருக்கிறார். அப்பா போன பிறகு எங்கள் வீட்டுக்கு ஆண்பிள்ளை செய்ய வேண்டியதெல்லாம் அவர்தான் செய்கிறார், கத்துவது உட்பட.

என் தங்கை மாலதிக்கு அப்போதுதான் சிதம்பரத்தில் இடம் அமைந்து நிச்சயதார்த்தமும் முடிந்திருந்தது. மாலதி கடலூரில் ஒரு தனியார் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். முப்பது தாண்டிவிட்டது. அதற்கு முன் வந்த இடங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்துக்காகப் போயின. உயரம் ஜாஸ்தி என்றார்கள், அண்ணன் தம்பி இல்லை என்றார்கள், ஒருவர் எங்கள் வீட்டு கேட் தெற்கே பார்க்கிறது என்று எழுந்துபோனார். அந்தக் கேட் என்ன, மாலதி கட்டியதா? இந்தச் சிதம்பரம் மாப்பிள்ளை ரவிக்குமார், செம்மங்குப்பத்தில் ஒரு ஆலையில் ஷிப்ட் இன்சார்ஜ். நான் இருந்த ஆலை இல்லை, வேறு. பையன் அமைதி, சிரித்தால் அழகாக இருந்தான். மாலதிக்குப் பிடித்திருந்தது. எங்கள் எல்லாருக்கும் மூச்சு வந்தது.

பத்திரிகை அடிக்கும் பொறுப்பு மாமாவுடையது. கல்யாணப் பத்திரிகை என்பது அவருக்கு ஒரு சாஸ்திரம். டாக்டர் என்றால் தடித்த எழுத்து, இன்ஜினியர் என்றால் அதற்குக் கொஞ்சம் கீழே, வெளிநாடு என்றால் அடைப்புக்குறிக்குள் நாட்டின் பெயர். என் பதவியை எழுத்துப்பிழை இல்லாமல் போடுவதற்காகப் புதுக் கார்டை ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லியிருந்தார். நானும் பெருமையாக அனுப்பியிருந்தேன்.

“வசந்தி, நீ அனுப்புனது சரியா விழலம்மா. பேருக்குக் கீழ காலியா இருக்குது.”

“அது அப்படித்தான் மாமா. காலிதான்.”

“காலின்னா?”

“எங்க கம்பெனில பதவிப் பேரெல்லாம் எடுத்துட்டோம்.”

“யாரு எடுத்தது?”

“நான்தான் மாமா.”

அச்சு மெஷினை நிறுத்தச் சொல்லி அந்தப் பக்கம் யாரையோ கத்தினார்.

“உன்னுத நீயே எடுத்துக்கிட்டியா?”

“எல்லாருதும் எடுத்தாச்சு. இப்ப யாரு வேணா எந்த வேலை வேணா செய்யலாம்.”

“அது கெடக்கட்டும். பத்திரிகைல உன் பேருக்குக் கீழ நான் என்னா போடறது?”

“ஒண்ணும் போடாதீங்க.”

“ஒண்ணும் போடலன்னா வேலவெட்டி இல்லன்னு அர்த்தம்மா. எங்க லைன்ல வேலவெட்டி இல்லாதவனுக்கே ‘விவசாயம்’னு போட்டுக் குடுக்கறோம். உன் ஊட்டுக்காரரு பஸ் ஓட்றாரு, அவருக்கு ‘போக்குவரத்துத் துறை, டென்மார்க்’னு போட்டுருக்கேன். அவ்ளோ பண்ணிட்டு உன்ன வெறும் ஆளா உட முடியுமா?”

பழைய பதவியையே போட்டுவிடுங்கள் என்று நான் அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் திட்டம் எழுதியவளே வீட்டுப் பத்திரிகையில் மேலாளர் என்று போட்டுக்கொண்டால் எப்படி? ரோஷம் வந்துவிட்டது. முடியாது என்றேன். அதற்குள் விஷயம் கைமீறியிருந்தது. மாமா என் கார்டின் நகலை, “இது ஸ்கேன் கோளாறா பாருங்க” என்று சம்பந்தி வீட்டுக்கே அனுப்பியிருந்தார்.

3

சம்பந்தி சபாபதி சார், மஞ்சக்குப்பத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் பணியமைப்புப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்வீஸ் முழுக்கச் சிதம்பரத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் வந்துபோனவர். ரயிலில்கூட யார் எங்கே உட்கார வேண்டும் என்பது கிரேடு பார்த்துத்தான் என்று அவரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். அவருக்குத் தெரிந்த உலகத்தில் ஒருவருடைய பதவி போக வழி இரண்டுதான். ஒன்று ஓய்வு. எனக்கு அந்த வயதில்லை. இன்னொன்று சஸ்பென்ஷன்.

சபாபதி சாரைப் பக்கத்தில் உட்காரவைத்து, மாமா கடைக் கம்ப்யூட்டரிலிருந்து ஸ்கைப்பில் கூப்பிட்டார். இந்தப் பக்கம் முதலில் எடுத்தது என் மகள் நிலா. சபாபதி சார் வந்தால் ‘தாத்தா, வணக்கம்’ சொல்ல வேண்டும் என்று அவளுக்குப் பாடம் எடுத்திருந்தேன். அவள் படிக்கும் பள்ளியில் தலைமையாசிரியையையே ‘பியா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். இங்கே வரி ஆபீசிலிருந்து வரும் கடிதமே ‘அன்புள்ள வசந்தி, நீ இன்னும் கணக்குக் காட்டவில்லை’ என்று உரிமையோடுதான் ஆரம்பிக்கும். அந்தப் பழக்கத்தில் என் மகள் திரையில் தெரிந்த வெள்ளை வேட்டியைப் பார்த்துக் கையை ஆட்டி, “ஹாய் சபாபதி!” என்றாள்.

மாமா தலையில் கை வைத்துக்கொண்டது திரையில் தெரிந்தது. நான் நிலாவை நகர்த்தினேன். அவள் டேனிஷில், “அவர் என் தாத்தா இல்லையே, ஏன் பொய் சொல்லணும்?” என்று கேட்டபடி போனாள். அவளுக்குக் கோபம் வந்தால் தமிழ் வராது. இப்போதெல்லாம் கோபம் வராதபோதும் குறைந்துகொண்டுதான் இருக்கிறது.

“ஏம்மா,” என்றார் சபாபதி சார், குரலைத் தணித்து. “மெமோ குடுத்தாங்களா, நேரா சார்ஜே குடுத்துட்டாங்களா?”

“சார், அப்படியெல்லாம் ஒண்ணுமே இல்ல.”

“எங்கிட்ட சொல்லலாம்மா. நான் எத்தினி ஃபைல் பாத்துருக்கேன். சஸ்பென்ஷன்ல பாதிச் சம்பளம், அந்தப் பிழைப்பூதியம் குடுக்கறாங்கல்ல?”

“முழுச் சம்பளமே குடுக்கறாங்க சார்.”

அவர் மாமாவைத் திரும்பிப் பார்த்தார். “முழுச் சம்பளமும் குடுத்து, பதவியயும் எடுத்துட்டாங்கன்னா, பெரிய விஷயமாத்தான் இருக்கும்.”

மறுநாள் ஆபீசில் இதை நான் சொன்னபோது ஹென்ரிக் உருகிப்போனார். தானே ஒரு கடிதம் எழுதுகிறேன் என்றார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் கடிதம் எழுதாமல் இருப்பது நல்லது. ‘வசந்திக்கு இங்கே பதவி கிடையாது. எனக்கும் கிடையாது. இங்கே யாருக்கும் கிடையாது. அன்றன்றைக்கு என்ன வேலை இருக்கிறதோ அதைச் செய்கிறோம். போன வாரம் வசந்தி பெட்டி கட்டினார், நான் காபி மெஷினைக் கழுவினேன். நாங்கள் மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறோம்’ என்று எழுதி, கீழே ‘ஹென்ரிக்’ என்று மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தார். முத்திரைகூட இல்லை.

சிதம்பரத்தில் இந்தக் கடிதத்துக்குச் செய்யப்பட்ட உரையை மாமா எனக்குச் சொன்னார். மேனேஜரும் சஸ்பெண்டு. அவருக்குப் பாத்திரம் கழுவுகிற வேலை போட்டிருக்கிறார்கள். கம்பெனி மூடப்போகிறது. பெட்டி கட்டுவது அதற்குத்தான்.

அதற்கு அடுத்த நாள் சபாபதி சார், “பத்திரிகைய எதுக்கும் கொஞ்சம் நிறுத்தி வெப்போம்” என்றார். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, சமையல்காரருக்குச் சொல்லியாகிவிட்டது. ‘நிறுத்தி வைப்போம்’ என்றால் அரசு அலுவலகத்தில் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். அம்மா போனில் அழுதாள். மாலதி மட்டும், “நீ ஒண்ணும் பண்ணாத அக்கா, சும்மா இரு” என்றாள். நெட்டை என்றும் கேட் என்றும் போன இடங்களோடு, அக்காளின் விசிட்டிங் கார்டால் போனது என்று இதுவும் சேரப்போகிறதா? அன்று முழுக்க நான் எந்த வேலையும் செய்யவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

4

கல்யாணத்துக்கு எடுத்திருந்த லீவை முன்னால் இழுத்துக்கொண்டு கிளம்பினேன். இங்கே லீவு எடுப்பது சுலபம். சுவரில் இருக்கும் பலகையில் என் பெயருக்கு நேரே ‘இந்தியா’ என்று எழுதினேன், அவ்வளவுதான். என் கணவர் குமரேசனும் நிலாவும் பள்ளி விடுமுறைக்கு வருவதாக ஏற்பாடு.

கடலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மாமாவும் நானும் சிதம்பரம் பஸ் ஏறினோம். ஜன்னல் சீட் எனக்கு. செம்மங்குப்பம் தாண்டும்போது அந்தப் பழைய நெடி வந்தது. மாமா என்னைத் தாண்டிக் கையை நீட்டி ஷட்டரை இறக்கினார். இறக்குவதற்குள் பார்த்துவிட்டேன். ஷிப்ட் விடும் நேரம். கேட்டுக்கு வெளியே நீலம், மஞ்சள், பச்சை என்று தலைக்கவசங்கள்.

“என்னா மாமா, கலர் கலரா?”

“ஒவ்வொரு காண்ட்ராக்டருக்கு ஒரு கலரு. கம்பெனி ஆளுங்கன்னு இப்ப யாரு இருக்கா? அதெல்லாம் உன் காலத்தோட போச்சு.”

நான் பெரிதாகக் கவனிக்கவில்லை. சபாபதி சாரிடம் பேச வேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேல வீதிக்குப் பின்னால் அவர் வீடு. வாசலில் பித்தளைப் பலகை, ‘வி. சபாபதி, கண்காணிப்பாளர் (ஓய்வு)’ என்று. நன்றாகத் துடைத்து வைத்திருந்தார். அவர் மனைவி காபி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றார். மாப்பிள்ளை ரவியும் இருந்தான், சுவரில் சாய்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு. சபாபதி சார் என்னை உட்காரச் சொன்ன நாற்காலிக்குக் கை இருந்தது. அதுவே நல்ல சகுனமாகப் பட்டது.

“சார், நான் நேரா விஷயத்துக்கு வர்றேன். எங்க ஊர்ல சந்தை மாறிக்கிட்டே இருக்கு. அதனால—”

“அதனால கம்பெனி வளைஞ்சு குடுக்கணும்,” என்றார் அவர். “எல்லாரும் எல்லா வேலையும் கத்துக்கணும். நான் இன்ன ஆளுன்னு யாரும் நின்னுக்கக்கூடாது. யாரயும் வேலய உட்டு எடுக்கல, பேர மட்டுந்தான் எடுக்கறோம். இதால எல்லாருக்கும் நல்லது. அதான?”

நான் டென்மார்க்கில், ஓர்ஹூஸ் நகரத்தில் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, ஒரு பெரிய ஹாலில் பேசிய பேச்சு அது. வரிசைகூட மாறவில்லை.

“சார், இத எங்க படிச்சீங்க?”

“படிக்கல,” என்றார். மகனைப் பார்த்தார்.

ரவி சுவரை விட்டு நிமிர்ந்தான். “எங்க ஆலைல மீட்டிங் போட்டு இதையேதாங்க்கா சொன்னாங்க. டீயும் மிக்சரும் குடுத்தாங்க. அடுத்த மாசம் கூப்ட்டு கையெழுத்து வாங்கிட்டாங்க. இப்ப நான் கம்பெனி ஆளு இல்ல, காண்ட்ராக்டருகிட்ட இருக்கேன். அதே மெஷினு, அதே ஷிப்டு. சம்பளந்தான் பாதிக்குக் கொஞ்சம் மேல. ஷிப்ட் இன்சார்ஜ்லாம் இல்லக்கா. மஞ்ச ஹெல்மெட்டு.”

மாமா எழுந்துவிட்டார். “அப்ப பத்திரிகைல ஷிப்ட் இன்சார்ஜ்னு போடச் சொன்னது?”

“போன வருசம் வரைக்கும் அப்பிடித்தானய்யா இருந்தான்,” என்றார் சபாபதி சார்.

“அப்ப அடைப்புக்குறில ‘முன்னாள்’னு போட்டுருக்கணும்! ஒரு பிரஸ்காரன ஏமாத்தலாமா?”

எனக்கும் கோபம் வந்தது. எங்கள் காலிக் கார்டுக்காக என் அம்மாவை அழவைத்த மனிதர், தன் வீட்டுக் காலியை மறைத்து வைத்திருந்திருக்கிறார். கேட்டே விட்டேன். “உங்க வீட்லயே இத வெச்சிக்கிட்டு எங்கள ஏன் சார் இந்தப் பாடு படுத்துனீங்க?”

அவர் தோள் துண்டை எடுத்து மடியில் வைத்து மடித்தார், பிரித்தார். “ஒரு ஊட்ல ஆச்சுன்னா சமாளிக்கலாம்மா. ரெண்டு ஊட்லயும் ஆச்சுன்னா? நாளைக்கு இதுங்க ரெண்டும் கஷ்டப்பட்டா தாங்கறதுக்கு ஆள் வேணாமா? என் பென்சன் என்னோட போயிடும். நீ ஒருத்தி இருக்கேன்னு தைரியமா இருந்தேன். அந்தக் கார்டப் பாத்ததும் எனக்குத் தூக்கம் போச்சு. இவனுக்கும் மொதல்ல பேரத்தாம்மா எடுத்தாங்க.”

அவர் என்னைச் சந்தேகப்படவில்லை. நானும் விழுந்துவிட்டேன் என்று பயந்திருக்கிறார். அந்த நிமிஷத்தில் எனக்கு அவர் மேல் இருந்த கோபம் திரும்பி என் பக்கம் வந்தது. டென்மார்க்கில் பதவிப் பெயரை எடுத்தால் அடியில் யூனியன் இருக்கிறது, வேலை போனாலும் சோறு போடுகிற நிதி இருக்கிறது. வீட்டுக்குள் வந்ததும் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டுகிற மாதிரி நாங்கள் பெயரைக் கழற்றினோம். அதே வார்த்தைகளைச் செம்மங்குப்பத்தில் சொன்னால், மழையில் நிற்கிறவனிடமிருந்து கோட்டை உருவுவது. வார்த்தையில் ஒரு குறையும் கிடையாது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இத்தனைக்கும் அதை எழுதும்போது கடலூரின் பல்பு மட்டும்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அங்கே இதே வார்த்தைகளைச் சொன்னால் என்ன ஆகும் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

5

மாலதியைக் கேட்காமல் இனி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்று போனை எடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டு, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, மெதுவாக, நோயாளிக்குச் சொல்வதுபோல விஷயத்தைச் சொன்னேன். அவள் கடைசி வரை கேட்டாள்.

“தெரியும்க்கா,” என்றாள்.

“என்னா தெரியும்?”

“நிச்சயதார்த்தத்தன்னைக்கே அவரு சொல்லிட்டாரு. கொல்லப் பக்கம் கை கழுவ வந்தப்ப. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்கன்னாரு. நான் வேணும்னுட்டேன்.”

ரவியின் முகம் சிவந்துவிட்டது. அவன் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

“எங்கிட்ட ஏன்டி சொல்லல?”

“நீ ஹெச்.ஆர். ஆச்சே. இன்டர்வியூல ஃபெயிலாக்கிடுவேன்னு பயந்தேன்.”

நியாயமாகத் திட்ட வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது. சபாபதி சார் மட்டும் சிரிக்கவில்லை. மகனையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். தன் பிரிவில் தனக்குத் தெரியாமல் ஒரு ஃபைல் மேலே போய் கையெழுத்தாகித் திரும்பி வந்துவிட்டதை நம்ப முடியாத முகம்.

“மாமா இருக்காரா?” என்றாள் மாலதி. “மாமா, எல்லார் பேருக்குக் கீழயும் எடுத்துடுங்க. எங்க ஊடு, அவுங்க ஊடு, எல்லாம். பேரு மட்டும் போதும்.”

“வெறும் பேரா? என் சர்வீஸ்ல இப்பிடி ஒரு பத்திரிகை அடிச்சதில்லம்மா. பாதி எடம் காலியா நிக்கும்.”

“மயில் போடுங்க மாமா.”

“எல்லார்துமா?” என்று கேட்டார் சபாபதி சார். “ஓய்வுன்னு அடைப்புக்குறில இருக்குதே, அதுகூடவா?”

மாலதி, “உங்களுக்கு வேணும்னா வெச்சிக்குங்க மாமா. அது நீங்க உழைச்சி வாங்கினது” என்றாள். அவரை அவள் மாமா என்று கூப்பிட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் ரவியைப் பார்த்தார். “இவனுதும் உழைச்சி வாங்கினதுதான்,” என்றார். “எடுத்துடுய்யா கோவிந்தசாமி. எல்லாத்தயும் எடுத்துடு.”

திரும்பும் வழியில் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே ஹென்ரிக்குக்குப் போன் போட்டேன். யாருடைய சம்பளமும் குறையாது, யாருடைய வேலையும் வெளியாளிடம் போகாது என்று எழுதி, யூனியனோடு கையெழுத்துப் போட்டால்தான் நம் திட்டத்தின் அடுத்த கட்டத்துக்கு நான் வருவேன் என்றேன். பின்னால் ஒரு கண்டக்டர், கடலூர் கடலூர் என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். ஹென்ரிக், “யாரும் அப்படி நினைக்கவே இல்லையே” என்று குழம்பினார். நினைக்காதபோதே எழுதிவிடுவதுதான் சுலபம் என்றேன். எழுதினார்கள். ஏன் இவ்வளவு கோபமாகப் பேசினாய் என்று பிறகு கேட்டார். கண்டக்டர் மேல் பழியைப் போட்டுவிட்டேன்.

6

இரண்டு பக்கமும் மயில்கள் தோகை விரித்து நிற்க, நடுவில் வெறும் பெயர்களோடு பத்திரிகை போனது. அண்ணாகிராமத்து உறவினர்கள், இரண்டு பக்கமும் அவ்வளவு பெரிய இடம் போலிருக்கிறது, சொல்லிக்கொள்ளக்கூட வேண்டியதில்லை என்று பேசிக்கொண்டார்கள். கடலூர்க்காரர்கள் மாமாவுக்குக் கண் தெரியவில்லை என்று முடிவு செய்து, நல்ல டாக்டரின் பெயர் சொன்னார்கள். குமரேசன்தான் போக்குவரத்துத் துறை போய்விட்டதே என்று வருத்தப்பட்டார்.

கல்யாணத்தன்று சபாபதி சார் என்னையும் மண்டப வாசலில் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அவருடைய பழைய ஆபீஸ் ஆட்கள் கூட்டமாக வந்தார்கள். ஓய்வு பெற்று எத்தனையோ காலமாகியும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ‘ஹெட்கிளார்க் வந்தாச்சா’, ‘அக்கவுண்டண்ட் எங்கய்யா’ என்றுதான் பேச்சு. அதில் நரைத்த மீசைக்காரர் ஒருவர் கையில் பத்திரிகையை வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தபடி வந்தார். சபாபதி சாருக்குக் கீழே வேலை பார்த்தவர் இல்லை, மேலே இருந்தவர். நின்ற விதத்திலேயே தெரிந்தது.

“என்னாய்யா சூப்பிரண்டு, பத்திரிகைல ஒரு விவரமும் காணோம். பையன் என்னவா இருக்கான்?”

இந்த ஒரு கேள்விக்காகத்தான் ஒரு வருஷம் ஒரு வீடு முழுக்க வாயை மூடிக்கொண்டிருந்தது. நடுவில் புகுந்து எதையாவது பேசி மழுப்பலாமா என்றுகூட நினைத்தேன்.

“மாப்பிள்ளையா இருக்கான்,” என்றார் சபாபதி சார்.

“அது தெரியுதுய்யா. வேல?”

“காண்ட்ராக்டு. மஞ்ச ஹெல்மெட்டு.” சத்தமாகவே சொன்னார், பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி. “போய்ச் சாப்புடுங்க சார், மொதப் பந்தி முடியப்போவுது.”

மீசைக்காரர் அவரை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, என்ன தோன்றியதோ, அவர் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுப் பந்திக்குப் போனார். சபாபதி சார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவர் பார்க்காததுபோல், அடுத்து வந்தவருக்குச் சந்தனக் கிண்ணத்தை நீட்டினார்.